புறா இறக்கைக் காற்று

நவம்பர் 9

எல்லாம் நான் முன்கூட்டியே சொன்னதுதான். மேகலா போலீஸ் எழுத்துத் தேர்வில் தேறுவாள் என்று அவள் பிறந்த ஆஸ்பத்திரியிலேயே சொல்லிவிட்டேன். தொட்டிலில் கிடந்தபடி என் கட்டைவிரலைப் பிடித்து முறுக்கினாள். இது லத்தி பிடிக்கிற கை என்றேன். நர்ஸ் சிரித்தாள். அவள் இப்போது எங்கே இருக்கிறாளோ, இருந்தால் இன்று அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

முடிவு காலையில் வந்தது. என் தங்கை தனபாக்கியம் செல்போனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள். புருஷன் போனதிலிருந்து அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒரே குழாயில்தான் வருகின்றன. மகள் மேகலா, "யம்மா, இன்னும் ஓட்டம் இருக்குது. அதுக்குள்ள ஒப்பாரி வெக்காத" என்றாள்.

ஆமாம், ஓட்டம் ஒன்றுதான் பாக்கி. பிப்ரவரியில் நானூறு மீட்டர் ஓடிக்காட்ட வேண்டும். மூச்சு இருந்தால் உத்தியோகம். பயிற்சியை நானே எடுத்துக்கொள்கிறேன் என்று அறிவித்தேன். தாய்மாமன் உயிரோடு இருக்கும்போது காசு கொடுத்துக் கோச்சா?

என்னைப் பற்றியும் இங்கே இரண்டு வரி இருக்கட்டும். பந்தயப்புறா ஏகாம்பரம் என்றால் ஓட்டேரியில் பஸ் நின்று போகும். எட்டாவது வரை படித்தேன். ஒன்பதாவதில் எனக்குச் சொல்லித்தர வாத்தியாரிடம் சரக்கு இல்லை. துறைமுகத்தில் சரக்கிறக்கும் கம்பெனியில் மேஸ்திரிக்கு அடுத்த ஸ்தானம். என் மனைவி இருமல் ஆறட்டும் என்று அவள் அம்மா வீட்டுக்குப் போனாள். அங்கே போன ஒரே வாரத்தில் ஆறிவிட்டது, ஆனால் அங்கேயே இருந்துவிட்டாள். பத்து நாள் தங்கலாம் என்று நான் தங்கை வீட்டுக்கு வந்தேன். என்னோடு புறாக்களும் வந்தன. பத்து நாள் என்று சொன்னதற்குப் பிறகு பல தீபாவளி போய்விட்டது. மொட்டைமாடி முழுக்க இப்போது என் ராஜ்ஜியம்.

நவம்பர் 13

பயிற்சி ஆரம்பம். படி ஏறி இறங்குவது கால் பலத்துக்கு. புறாக்கூண்டின் தரையைச் சுரண்டுவது கை பலத்துக்கு.

"பொறா பீ அள்றதுக்கும் போலீசுக்கும் இன்னா மாமா சம்மந்தம்?" என்றாள் மேகலா.

"மூச்சைப் புடிச்சிக்கினு குனிஞ்சி சுரண்டு. அப்பத்தான் நெஞ்சு விரியும். ராணுவத்துல இப்படித்தான் பண்றாங்க."

"எந்த நாட்டு ராணுவத்துல?"

வாய் அதிகம். போலீசுக்கு அது வேண்டியதுதான். அவள் தரையில் தண்ணீர் தெளிக்கப் போனாள், தடுத்துவிட்டேன். குஞ்சு பொரிக்கிற பருவம். ஈரம் பட்டால் குஞ்சுகளுக்குச் சளி பிடிக்கும். காய்ந்த எச்சத்தை அப்படியே சுரண்டித்தான் கூட்ட வேண்டும். வெள்ளையாகப் புழுதி எழுந்தது. பவுடர் போட்ட மாதிரி இருக்கிறாய், சினிமாவுக்கே கூப்பிடுவார்கள் என்றேன். தும்மிக்கொண்டே சிரித்தாள்.

என் இடுப்புக்கும் ஓய்வு கிடைத்தது.

நவம்பர் 21

மழை. மேகலாவுக்கு நேற்று சாயங்காலம் குளிர்சுரம், வறட்டு இருமல். காலையில் கூண்டைச் சுத்தம் செய்யும்போது நன்றாகத்தான் இருந்தாள். பொழுது சாயும் நேரத்தில் போர்வைக்குள் நடுங்கினாள். ஐஸ்கிரீம் சாப்பிட்டிருப்பாள் என்றேன். சாப்பிடவில்லை என்றாள். அப்படியென்றால் சாப்பிட நினைத்திருப்பாள்.

நவம்பர் 22

சுரம் விட்டது. விடும் என்று சொன்னேன்.

நவம்பர் 27

மறுபடி கூண்டு, மறுபடி சுரம். அடைமழையில் ஊருக்கே சுரம்தானே.

டிசம்பர் 4

மாநகராட்சி மைதானத்தில் அவள் ஓடுவதைப் பார்க்கப் போனேன். பாதித் தூரத்தில் நின்று முழங்காலில் கையூன்றிக்கொண்டாள். தொண்டையில் ஏதோ கீச் கீச் என்றது. போன மாதம் இதே மைதானத்தில் பையன்களை முந்தியவள்.

"மாமா, உள்ள காத்து போவ மாட்டேங்குது. வாசல்ல நின்னுட்டுத் திரும்பிப் போற மாதிரி கீது."

வைத்தியம் தெரிந்தவன் பதறக் கூடாது. கைகால் இழுத்தவர்களைப் புறாக்கூண்டுக்குப் பக்கத்தில் படுக்க வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். இறக்கை அடிக்கிற காற்று நரம்புக்குள் போய் வேலை செய்யும். வாதத்துக்கே கேட்கும்போது மூச்சுக்குக் கேட்காதா? துறைமுகத்தில் ஒரு பெரிய அதிகாரிக்கு வாய் கோணிப்போயிற்று. டில்லி டாக்டர்கள் கைவிட்ட கேஸ். என் ஜோடிப்புறா ஒன்றை அவர் கட்டில் தலைமாட்டில் கட்டிவைத்தேன். மூன்றாம் நாள் என்னைப் பேர் சொல்லித் திட்டினார். அவ்வளவு தெளிவான உச்சரிப்பு.

விஞ்ஞானமும் இதைத்தான் சொல்கிறது. ஆக்சிஜன் என்பது சாதாரணக் காற்று. இறக்கையிலிருந்து வருவது அதற்கு மேல்வகுப்பு.

மாடி ஷெட்டில், கூண்டின் கம்பிவலையை ஒட்டி, மேகலாவின் பாயைப் போட்டேன். "நாத்தம் தாங்கல மாமா" என்றாள். மருந்து என்றால் கசக்கத்தான் செய்யும்.

டிசம்பர் 9

காலையில் தனபாக்கியம் மாடிக்கு வந்து சண்டை பிடித்தாள்.

"ண்ணா, பொண்ணு ஒடம்பப் பாரு. தோள்பட்டை எலும்பு குச்சி குச்சியா நிக்குது. எனக்கு இந்தப் பொறா மேலதான் சந்தேகம். எங்கனா குடுத்துடேன்."

"பதினோரு வருசமா கீற பொறா, இப்பத்தான் கடிச்சிச்சா?"

"கடிக்கலன்னா? அண்ணி இதுங்க கூட உன் வூட்ல கீறப்போ இருமுச்சே, மறந்துட்டியா?"

குடும்பத்தில் இல்லாதவர்களைப் பற்றிப் பேசக் கூடாது என்றேன். கடைசியில் புரசைவாக்கத்தில் ஒரு நெஞ்சு டாக்டரிடம் கூட்டிப்போனோம். எங்களில் ஆஸ்பத்திரி, கல்யாணம், கோர்ட்டு எதுவானாலும் ஆம்பிளை பேசுவதுதான் முறை. அவள் அப்பன் இல்லாததால் நான்.

டாக்டர் இளைஞர், ஆனால் ஆளை எடைபோடத் தெரிந்தவர். மேகலாவையும் தனபாக்கியத்தையும் எக்ஸ்ரேக்கு அனுப்பிவிட்டு என்னிடம் தனியாகப் பேசினார். வீட்டில் பறவை உண்டா என்று கேட்டார். நான் என் புறாக்களின் வம்சாவளியைச் சொன்னேன். விஜயவாடாவில் விட்டால் வானத்தில் கோடு கிழித்த மாதிரி வீடு வந்து சேரும் என்றேன். அவர் எழுந்து கை கொடுத்தார். "சார், இந்த மாதிரி சுத்தமான ரத்தம் உள்ள பறவைகளால் ஒரு கெடுதலும் வராது. நன்றாக வளருங்கள்" என்றார். அவருடைய மாமனாரும் புறாக்காரராம்.

நுரையீரலில் சளிக்காய்ச்சல் என்று மாத்திரை எழுதிக்கொடுத்தார். ஆட்டோவில் டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல் தங்கைக்குச் சொன்னேன்.

"நெசமா கை குடுத்தாரா?"

"எழுந்து நின்னு குடுத்தாரு."

படித்தவன் சொன்னால்தான் இந்தக் குடும்பத்தில் எடுபடுகிறது.

டிசம்பர் 19

மாத்திரை தீர்ந்தும் இருமல் தீரவில்லை. மேகலாவின் அத்தை ருக்மணி அரக்கோணத்திலிருந்து வந்து, "பத்து நாளு என் வூட்ல வெச்சிக் கஞ்சி ஊத்தி அனுப்பறேன்" என்று கூட்டிப்போய்விட்டாள். இறந்துபோன தம்பியின் மகள் மேல் திடீர்ப் பாசம். பயிற்சியின் நடுவில் மாணவியைத் தூக்கிப்போவது சரியல்ல. இறக்கைக் காற்று வேலை செய்ய ஆரம்பிக்கிற சமயம்.

டிசம்பர் 26

மேகலா போன் செய்தாள். குரலில் கீச் இல்லை.

"மாமா, இன்னிக்கு ரயில்வே கிரவுண்டுல முழுசா ஓடிட்டேன்! நிக்கவே இல்ல!"

பார்த்தீர்களா? கூண்டு ஓரத்தில் படுத்துச் சேமித்த காற்று இப்போது செலவாகிறது. அவளுக்கும் இதையே சொன்னேன். பிறகு, "ஆமா மாமா, இங்க வந்ததும்தான் அந்தக் காத்து வேல செய்யுது போல" என்றாள். கெட்டிக்காரி, புரிந்துகொண்டாள்.

ஜனவரி 3

திரும்பி வந்துவிட்டாள். கன்னம் உப்பியிருக்கிறது. எனக்கும் சரியான ஒத்தாசை தேவைப்பட்ட நேரம். மாத முடிவில் விஜயவாடாப் பந்தயம். அயனாவரம் ஜெகநாதன் போன வருஷம் என்னை ஜெயித்துவிட்டு, தெருவில் பார்க்கும்போதெல்லாம், "இன்னா ஏகாம்பரம், உன் பொறா வந்துச்சா, இல்ல கூட்ஸ் வண்டில ஏறிக்கினு வருதா?" என்கிறான். இந்த முறை அவன் வாயை அடைக்க வேண்டும்.

மேகலா கூண்டுக்குள் போக முகத்தில் துப்பட்டா கட்டிக்கொண்டாள். அவிழ்க்கச் சொன்னேன். முகம் தெரியாவிட்டால் புறா மிரளும். மிரண்ட புறா பந்தயத்துக்கு ஆகாது.

ஜனவரி 6

சாயங்காலச் சுரம். மார்கழிப் பனி.

ஜனவரி 14

போகி. தெருவெல்லாம் டயர் புகை. மேகலா கட்டிலில் குந்தியபடியே பொழுதைக் கழித்தாள். படுத்தால் மூச்சு முட்டுகிறதாம். எல்லாம் இந்தப் புகைதான். ஒன்பது நாளாக இருக்கிற மூச்சுத்திணறலுக்கு இன்று எரித்த டயர் எப்படிக் காரணமாகும் என்று கேட்கிறாள் தனபாக்கியம். டயர் நேற்றே வாங்கி வைத்திருப்பார்கள் அல்லவா!

பழைய டாக்டரிடமே போகலாம் என்றாள். போகலாம், பந்தயம் முடியட்டும் என்றேன். அவர்தான் புறாவால் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டாரே, அப்புறம் என்ன அவசரம்?

"அவுரு சொன்னதாலதான் சும்மா கீறேன்" என்றாள்.

ஜனவரி 28

பந்தய நாள். இதை விவரமாக எழுத வேண்டும்.

விடியலில் விஜயவாடாவில் விட்டார்கள். மத்தியானத்திலிருந்து நான் மாடியில், வடக்குப் பக்கம் பார்த்தபடி. சட்டம் என்னவென்றால், புறா வீட்டு மேல் வந்தால் போதாது. கூண்டுக்குள் இறங்கி, அதன் காலில் உள்ள ரப்பர் வளையத்தைக் கழற்றிக் கடிகாரப் பெட்டியில் போட்டால்தான் நேரம் பதிவாகும். அது சுவரில் உட்கார்ந்து யோசிக்கிற ஒவ்வொரு கணமும் நமக்கு நஷ்டம்.

வந்தது! என் சாம்பல் பெட்டை. கல் விழுந்த மாதிரி வந்து கைப்பிடிச்சுவரில் உட்கார்ந்தது. கழுத்தைத் திருப்பிப் பார்த்தது. உள்ளே இறங்கவில்லை. நான் சிலையாக நின்றேன். இமைகூடக் கொட்டவில்லை.

அந்த நேரம் பார்த்துப் படியில் சத்தம்.

"மாமா..."

மேகலா. பாதிப் படியில். தனபாக்கியம் ரேஷன் கடைக்குப் போயிருந்தாள்.

"உஷ்" என்றேன், உதட்டை அசைக்காமல்.

"மாமா... முடில..."

புறா சிறகை விரித்தது. பறந்துவிடும் என்று எனக்கு உயிர் போயிற்று. கையைப் பின்னால் நீட்டி, வராதே என்று சைகை காட்டினேன். படியில் ஏதோ உட்காருகிற சத்தம் கேட்டது. பிறகு கை சுவரைத் தட்டுகிற சத்தம், மெதுவாக, மெதுவாக. புறாவுக்கு அது பிடிக்கவில்லை. நல்லவேளை, தட்டுவது நின்றது.

நின்றதும் பெட்டை உள்ளே குதித்தது. வளையத்தைக் கழற்றிப் பெட்டியில் போட்டேன். மூன்றாம் இடம். ஜெகநாதனுக்கு ஐந்தாம் இடம்.

மேகலா படியில் சுவரோடு சாய்ந்திருந்தாள். உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தது. தூக்கிக்கொண்டு நான்தான் தெருவுக்கு ஓடினேன். இந்த வயதிலும் என் ஓட்டத்தைப் பார்த்து ஆட்டோக்காரனே அசந்துபோனான்.

ஜனவரி 31

பெரிய ஆஸ்பத்திரி. முகத்தில் ஆக்சிஜன் மூடி. இங்கே ஒரு டாக்டரம்மா. என்னைப் பார்க்காமல் தனபாக்கியத்தையே பார்த்துக் கேள்வி கேட்கிறாள். மரியாதை தெரியாத பெண்.

"வீட்ல பறவை இருக்கா?"

"மாடி முழுக்கப் பொறா மேடம்."

அந்த அம்மாள் பேனாவை மூடி வைத்தாள். "கூண்டை யார் சுத்தம் பண்றது?"

தங்கை மகளைக் காட்டினாள்.

"எச்சமும் இறகுத்தூளும் காய்ஞ்சு காத்துல பறக்குதும்மா. அதை இவ உடம்பு எதிரியா நெனச்சு சண்டை போடுது. ஒவ்வொரு சண்டைக்கும் நுரையீரல்ல ஒரு தழும்பு. ஆரம்பத்துலயே தூசியை விட்டுத் தள்ளிப் போயிருந்தா தானா சரியாயிருக்கும். இதுக்கு முன்னாடி எந்த டாக்டரும் கேக்கலையா?"

"கேட்டாராம் மேடம். பொறாவால ஒண்ணியும் வராது, நல்லா வளருங்கன்னு எங்கண்ணன் கையப் புடிச்சிச் சொன்னாராம்."

இப்போது அந்த அம்மாள் என்னைப் பார்த்தாள். நான் விளக்க முன்வந்தேன். "மேடம், நான் இத்தினி வருசமா அதுங்க கூடவே கீறேன். எனக்கு ஒரு தும்மல்கூட இல்ல."

"சில பேருக்கு வராது. அது உங்க திறமை இல்ல."

படிப்புச் செருக்கு.

மூடிக்குள்ளிருந்து மேகலா ஏதோ கேட்டாள். டாக்டரம்மா குனிந்து காதைக் கொடுத்தாள். பிறகு நிமிர்ந்து, "ஓட்டத்தை மறந்துடும்மா. மாடிப்படி ஏறுற அளவுக்குக் கொண்டு வரப் பாக்கறேன்" என்றாள்.

தனபாக்கியம் அழவில்லை. அவள் அழாமல் நான் பார்த்தது இன்றுதான்.

பிப்ரவரி 12

இன்று ஓட்டப் பரீட்சை. பக்கத்துத் தெருப் பெண் தேறிவிட்டாளாம். அவளுக்கு நான் ஒரு தடவை மூச்சுவிடச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

பிப்ரவரி 17

நான் டீ குடிக்கப் போன நேரத்தில் தனபாக்கியம் ஒரு வியாபாரியைக் கூட்டிவந்து, என் புறாக்களைக் கூடை கூடையாக ஏற்றி அனுப்பிவிட்டாள். மாடியைத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். நடக்கப்போவது எனக்குத் தெரியும்.

அவன் கூடையைத் திறந்தானோ, ஓட்டை இருந்ததோ, பொழுது சாய்வதற்குள் வந்துவிட்டன! ஒன்று, மூன்று, பிறகு கூட்டமாக. என் ரத்தம், என் வளர்ப்பு! ஈரமான மாடியைச் சுற்றிச் சுற்றிப் பறந்தன. தனபாக்கியம் விளக்குமாற்றை வீசினாள், கை தட்டினாள், "போங்களேன், எங்கனா போங்களேன்" என்று கத்தினாள். அவை போய்ப் போய் வந்தன. கடைசியில் கைப்பிடிச்சுவரில் வரிசையாக உட்கார்ந்து அவளையே பார்த்தன.

நான் போய்க் கூண்டைத் திறந்தேன்.

பிப்ரவரி 18

மேகலா நாளை மறுநாள் வீட்டுக்கு வருகிறாள். பேச்சுவார்த்தை நடந்தது.

"ண்ணா, பொறாவ நீயே எடுத்துக்கினு வேற எங்கனா போயிடு. கால்ல வுழறேன்."

பந்தயப்புறாவை இடம் மாற்றினால் வீணாகிவிடும் என்று பொறுமையாக விளக்கினேன். அது பிறந்த மாடியைத் தவிர வேறு வீடு அறியாது. எங்கே கொண்டுபோய் விட்டாலும் இங்கேதான் வரும். ஆனால் மனிதர்கள் அப்படியல்ல, எங்கே வேண்டுமானாலும் பழகிக்கொள்வார்கள்.

"இது என் புருசன் கட்டுன வூடு" என்றாள்.

அதை நான் மறுக்கவில்லையே.

பிப்ரவரி 20

ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அரக்கோணம் போய்விட்டார்கள். நான் ஸ்டேஷனுக்குப் போனேன். மேகலா சக்கர நாற்காலியில் இருந்தாள். பக்கத்தில் ஆக்சிஜன் சிலிண்டர், பச்சைக்குழந்தை மாதிரி துணி சுற்றி. கிட்டே போனேன். என் சட்டையைப் பார்த்துவிட்டுத் தனபாக்கியம் குறுக்கே நின்றாள்.

"அங்கயே நில்லுண்ணா. தோள்ல எறகு கீது."

பிளாட்பாரத்தின் மறுபக்கம் நின்றே கையசைத்தேன். இவர்கள் போவார்கள் என்பதையும் நான் முன்கூட்டியே சொல்லியிருந்தேன், யாரிடம் என்பதுதான் நினைவில்லை.

மார்ச் 16

சுத்தம் செய்ய ஆளில்லை. எச்சம் கணுக்கால் அளவு. ஒரு குஞ்சுக்குச் சளி.

மார்ச் 22

மேகலா போன் செய்தாள். இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு. நடுவில் இயந்திரத்தின் சத்தம்.

"மாமா... டாக்டரம்மா... புரசைவாக்கம் டாக்டர் மேல... புகார் குடுக்கச் சொல்றாங்க. அவுரு அப்பவே... பொறாவ விடுன்னு சொல்லியிருந்தா... நான் ஓடியிருப்பேனாம்."

"குடு. கட்டாயம் குடு. அவன லேசுல விடாத. நான் சாட்சி சொல்றேன்."

"நெசமாவே... அவுரு அப்படிச் சொன்னாரா மாமா? எனக்கு... அது ஒண்ணு தெரிஞ்சா போதும்."

"என் தங்கச்சி மேல சத்தியம். எழுந்து நின்னு கை குடுத்தாரு" என்றேன்.

"சரி மாமா" என்றாள். அழுதாளா, மூச்சு வாங்கினாளா, என்னால் பிரித்தறிய முடியவில்லை.

அவர் கை கொடுக்கவில்லை. மாமனார் புறாக்காரர் என்பதும் என் சரக்கு. எக்ஸ்ரேக்கு அவர்கள் போனதும், "வீட்டில் பறவை ஏதாவது வளர்க்கிறீர்களா? நன்றாக யோசித்துச் சொல்லுங்கள், இது முக்கியம்" என்று இரண்டு தரம் கேட்டார். "எங்க வூட்டு மேல காக்காகூட உக்காராது சார்" என்றேன். சிரித்துவிட்டு, அதை அப்படியே எழுதிக்கொண்டார்.